‘தூய பெண்’ என்னும் தலைப்புச் சொல்: தாமஸ் ஹார்டியின் ‘டெஸ்’ புதினமும் இருகூறான வாசகரும்

முன்னுரை

1891-ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் இலண்டனில் ஆஸ்குட், மெக்கில்வேன் பதிப்பகத்தார் மூன்று தொகுதிகள் கொண்ட புதினம் ஒன்றை வெளியிட்டனர். முதலில் அச்சானவை 1,000 படிகளே. விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். நடுத்தரக் குடும்பத்தார்கூட எளிதில் விலைகொடுத்து வாங்கும் நூலன்று அது. ஆண்டுக்கு ஒரு கினி சந்தா பெற்று நூல்களை இரவல் கொடுத்த மூடி நூலகம் போன்ற நிறுவனங்களின்வழி வீடுகளுக்குள் செல்லும் பொருட்டே இத்தகைய மூன்று தொகுதிப் புதினங்கள் அக்காலத்தில் அச்சிடப்பெற்றன. நூலின் பெயர் ‘டெஸ் ஆஃப் தி டர்பர்வில்ஸ்’. ஆசிரியர் தாமஸ் ஹார்டி (1840–1928).

அடுத்த சில மாதங்களில் இங்கிலாந்தின் வாசக உலகம் இந்நூலால் இருகூறானது. அபர்கார்ன் சீமாட்டியார் ஹார்டியிடம் கூறியதாக ஒரு செய்தி உண்டு. விருந்துக்கு அழைக்கப்பெற்றவர்களிடம் டெஸ்ஸைப் பற்றி அவர் கருத்துக் கேட்பாராம். அவளைத் தூற்றியோரை ஒரு குழுவாகவும், அவள்பால் இரங்கியோரை மற்றொரு குழுவாகவும் பிரித்து, பின்னைய குழுவிலேயே தம்மையும் சேர்த்துக்கொள்வாராம். நண்பர்களை வகைப்படுத்தும் தொல்லையை இந்நாவல் தமக்குத் தீர்த்துவைத்தது என்றாராம் அவர். இச்செய்தி ஹார்டியின் வாழ்க்கை வரலாற்று நூலில் காணப்படுவது. அவ்வரலாறு 1928, 1930-ஆம் ஆண்டுகளில் அவருடைய இரண்டாம் மனைவி புளோரன்சின் பெயரால் வெளிவந்ததாயினும், பெரும்பகுதியை எழுதியவர் ஹார்டியே. ஆகவே அதனைச் சற்றே விழிப்புடன் கையாள வேண்டியுள்ளது.

இப்பிளவினை ஒழுக்கவாதிகளுக்கும் முற்போக்காளருக்கும் இடையே எழுந்த மோதல் என்று இலக்கிய வரலாறுகள் சுருக்கமாகக் கூறிவிடுவதுண்டு. அவ்விளக்கம் போதாது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. அன்றைய வாசகர் அனைவரும் ஒரே டெஸ்ஸைப் படித்தவர் அல்லர். அவர்கள் கையில் இருந்த பாடங்களே வேறுபட்டிருந்தன. அதனினும் முதன்மையாக, நூலின் முகப்பேட்டில் இருந்த ஒரு சொல்லை அவர்கள் வெவ்வேறாகப் பொருள்கொண்டனர்.

கதையும் காலமும்

கதையை இங்கு மிகச் சுருக்கமாக நினைவுகூர்வது போதும். வறிய உழைப்பாளர் குடும்பத்தில் பிறந்த டெஸ் டர்பிஃபீல்டு, தம் குலம் பழம்பெரும் டர்பர்வில் குலமே என்று தந்தை அறிந்துகொண்டதன் விளைவாக, அப்பெயரைச் சூட்டிக்கொண்ட செல்வர் வீட்டுக்கு வேலைக்குச் செல்கிறாள். அவ்வீட்டு மகன் அலெக்கால் ஓரிரவு வனத்தில் கெடுக்கப்படுகிறாள். பிறந்த குழந்தை இறந்துபோகிறது. பின்னர்ப் பால்பண்ணையொன்றில் ஏஞ்சல் கிளேரைச் சந்தித்து மணக்கிறாள். மணநாள் இரவில் ஏஞ்சல் தன் பழைய பிழையைச் சொல்லி மன்னிப்புப் பெறுகிறான். அவள் தன் கதையைச் சொன்னதும் அவளைக் கைவிட்டுப் பிரேசிலுக்குப் போய்விடுகிறான். தந்தை இறந்து குடும்பம் வீடிழந்து நிற்கும் நிலையில் அவள் மீண்டும் அலெக்கிடம் செல்ல நேர்கிறது. ஏஞ்சல் திரும்பி வரும்போது அலெக்கைக் கொன்றுவிட்டுக் கணவனோடு செல்கிறாள். ஸ்டோன்ஹெஞ்ச் கற்களிடையே பிடிபட்டுத் தூக்கிலிடப்படுகிறாள்.

மணநாள் இரவுக் காட்சி அக்காலத்து வாசகரைச் சுட்டதற்குக் காரணம் உண்டு. 1857-ஆம் ஆண்டு மணவிலக்குச் சட்டத்தின்படி, மனைவியின் பிறழ்வு ஒன்றே கணவன் மணவிலக்குப் பெறப் போதுமானது. மனைவிக்கோ கணவனின் பிறழ்வு மட்டும் போதாது. அதனுடன் கொடுமை, கைவிடுதல் போன்ற வேறொரு குற்றமும் மெய்ப்பிக்கப்படவேண்டும். இவ்வேறுபாடு 1923-ஆம் ஆண்டுவரை நீடித்தது. ஏஞ்சலும் டெஸ்ஸும் அடுத்தடுத்துக் கூறும் இரு ஒப்புதல்களும், அவற்றுக்குக் கிடைக்கும் இருவேறு தீர்ப்புகளும் அச்சட்டத்தின் கதை வடிவம் எனலாம். இதற்கு ஆறாண்டுகளுக்கு முன், 1885-இல், டபிள்யூ. டி. ஸ்டெட் ‘பால் மால் கெஸட்’ நாளிதழில் இளஞ்சிறுமியர் விலைப்பொருளாக்கப்படுவதை அம்பலப்படுத்தியிருந்தார். அவ்வாண்டே நிறைவேறிய சட்டம் பெண்ணின் இசைவு வயதை 13-இலிருந்து 16 ஆக உயர்த்தியது. ஆகவே கெடுக்கப்பட்ட பெண்ணைப் பற்றிய பேச்சு 1891-இல் புதியதன்று. நாளிதழில் பேசலாம்; நாடாளுமன்றத்தில் பேசலாம்; குடும்பத்தார் கூடியிருந்து படிக்கும் புதினத்தில் பேசலாகாது என்பதே அன்றைய எழுதாச் சட்டம். 1890 ஜனவரியில் ‘நியூ ரிவியூ’ இதழில் ஆங்கிலப் புனைகதையில் ஒளிவின்மை குறித்து எழுதிய கட்டுரையில் ஹார்டி குறைகூறியது இம்முரணையே.

இதழ்கள் மறுத்த கதை

அக்கட்டுரைக்குப் பின்னால் ஒரு பட்டறிவு இருந்தது. போல்ட்டன் நகரத்து டில்லட்சன் நிறுவனம் நாளிதழ்களுக்குத் தொடர்கதை வழங்குவது. ஹார்டியோடு முன்னரே ஒப்பந்தம் செய்திருந்த அந்நிறுவனம், 1889-இல் கதையின் முற்பகுதி அச்சுக்கோக்கப்பட்ட நிலையில் அதன் பொருளைக் கண்டு திகைத்தது. திருத்த ஹார்டி உடன்படவில்லை, ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் ‘மர்ரேஸ் மேகசின்’ மறுத்தது. அதே மாதத்தில் ‘மாக்மில்லன்ஸ் மேகசின்’ ஆசிரியர் மௌபிரே மோரிசும் மறுத்தார்.

இறுதியில் ‘தி கிராஃபிக்’ வார இதழ் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஏற்றுக்கொண்டது இக்கதையை அன்று. 1891 ஜூலை 4 முதல் டிசம்பர் 26 வரை அவ்விதழில் வந்த தொடரில், அலெக் போலித் திருமணம் ஒன்றை நடத்தி டெஸ்ஸை ஏமாற்றுகிறான். குழந்தையின் பிறப்பும் இறப்பும் இல்லை. பால்பண்ணைப் பெண்கள் நால்வரை ஏஞ்சல் வெள்ளம் தேங்கிய பாதையில் கைகளில் தூக்கிக் கடத்தும் காட்சிகூட இதழாசிரியருக்கு உறுத்தலாயிற்று. ஆகவே ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி ஒன்றை ஹார்டி புகுத்தினார். பெண்கள் வண்டியில் ஏறிக் கடந்தனர்! இன்று படிப்போர்க்கு நகைப்பாகத் தோன்றும் இத்தள்ளுவண்டி, அக்கால இதழியலின் எல்லைக்கோட்டை ஆய்வாளருக்கு மிகத் துல்லியமாகக் காட்டும் சான்றாகும். நீக்கிய பகுதிகளை ஹார்டி வீணாக்கவில்லை. டெஸ் தன் குழந்தைக்குத் தானே திருமுழுக்குச் செய்யும் பகுதியை 1891 மே மாத ‘ஃபோர்ட்நைட்லி ரிவியூ’விலும், வனத்து இரவுக்கு முன்னான பகுதியை நவம்பர் மாத ‘நேஷனல் அப்சர்வர்’ இதழிலும் தனிச் சித்திரங்களாக வெளியிட்டார். நூல் வடிவில் பெரும்பகுதி மீண்டும் ஒன்றுசேர்ந்தது.

இங்கே ஒரு காலக் கணக்கைக் கவனிக்க வேண்டும். நூல் நவம்பர் இறுதியில் வந்தது. தொடர் டிசம்பர் 26-இல்தான் முடிந்தது. அதாவது ஏறத்தாழ நான்கு வாரங்கள் இரண்டு டெஸ்கள் ஒரே நேரத்தில் இலண்டனில் உலவினர். ஒருத்தி தான் மணமானவள் என்று நம்பி ஏமாந்தவள். அவளது தூய்மையை ஐயுறுவார் எவருமிலர். மற்றொருத்தி மணமாகாமலே தாயானவள். இவர்களுள் எவளைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெரியாமலே பல வீடுகளில் வாதம் நடந்திருக்கக்கூடும்.

முகப்பேட்டுச் சொல்

நூலின் முகப்பில் ‘தூய பெண் ஒருத்தி’ எனப் பொருள்படும் துணைத்தலைப்பைச் சேர்த்தார் ஹார்டி. இறுதி மெய்ப்புகளைப் படித்து முடித்தபின், நாயகியைப் பற்றி நேர்மையான உள்ளத்தில் எஞ்சும் மதிப்பீடாகவே அதனைக் கடைசி நேரத்தில் சேர்த்ததாக 1912-ஆம் ஆண்டுக் குறிப்பில் அவர் தெரிவித்தார். எவரும் மறுக்கமாட்டார்கள் என்று கருதிய அச்சொல்லே நூலில் வேறெதனையும்விட அதிகமாக மறுக்கப்பட்டது. எழுதாமல் இருந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று அக்குறிப்பில் அவர் வருந்தினாலும், சொல்லை மட்டும் நீக்கினாரல்லர்.

அந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்க முயலும்போது சிக்கலின் வேர் நமக்கு விளங்கும். ‘கற்புடைய பெண்’ என்று பெயர்த்தால், ஹார்டியின் எதிர்ப்பாளர் பொருளை நாம் ஏற்றவராவோம். ‘தூய பெண்’ என்றால் உள்ளத்தூய்மையை முன்னிறுத்துகிறோம். அப்போது வாதமே எழாது. ஆங்கிலச் சொல் இவ்விரண்டையும் தன்னுள் அடக்கி நின்றது. வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் புறத்தூய்மையையும் அகத்தூய்மையையும் வேறுபடுத்திக் காட்டுவதைத் தமிழாசிரியர் நன்கறிவர். ஏறத்தாழ அத்தகைய பாகுபாட்டை ஹார்டியும் மேற்கொள்ள நேர்ந்தது. 1892 ஆகஸ்டில் ‘பிளாக் அண்டு ஒயிட்’ இதழுக்காக ரேமண்ட் பிளாத்வேட் கண்ட நேர்காணலில், டெஸ்ஸின் உள்ளார்ந்த தூய்மை இறுதிவரை குறைபடவில்லை என்றும், அவள் மீண்டும் அலெக்கிடம் சென்றபோது புறத்தூய்மை ஒருவாறு அவளைவிட்டு நீங்கியது என்றும் அவர் கூறினார். துணைத்தலைப்பை முழுமையாகக் காத்து நிற்கும் கூற்றன்று இது. எதிர்ப்பாளருக்கு ஒருபாதியை விட்டுக்கொடுத்த கூற்றே ஆகும்.

திறனாய்வாளர் நிலைகள்

1892 ஜனவரி 9-ஆம் நாள் ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ இதழில் கிளெமெண்டினா பிளாக் எழுதிய மதிப்புரை நூலை உவந்து வரவேற்றது. பிளாக் பெண் தொழிலாளர் சங்கங்களை அமைப்பதில் ஈடுபட்டவர். ஒரு பெண்ணின் மதிப்பை ஒரு நிகழ்ச்சியைக்கொண்டு அளக்காது, அவளது வாழ்வு முழுமையையும் நோக்கத்தையும் கொண்டே அளக்கவேண்டும் என்பதே நூலின் உயிர்க்கருத்து என்று அவர் கண்டார். பிப்ரவரியில் கவிஞர் வில்லியம் வாட்சன் ‘அகாடமி’ இதழில் இதனை ஹார்டியின் தலைசிறந்த படைப்பாகப் போற்றினார்.

எதிர்த்தரப்பில் கடுமையானது ஏப்ரல் மாதக் ‘குவார்ட்டர்லி ரிவியூ’வில் பெயரின்றி வந்த கட்டுரை. அதனை எழுதியவர், 1889-இல் இதே கதையைத் தம் இதழுக்கு வேண்டாம் என்று திருப்பியனுப்பிய மௌபிரே மோரிசே. இதழாசிரியராக ஒருமுறை தீர்ப்பளித்தவர் திறனாய்வாளராக மறுமுறையும், அதுவும் பெயர் மறைத்துத் தீர்ப்பளித்தார் என்பது இன்றைய ஆய்வு நெறியில் நாம் ஒப்பும் செயலன்று.

எனினும் மோரிசைக் காட்டிலும் நம் கவனத்துக்கு உரியவர்கள் இடைநிலையில் நின்றவர்களே. ‘ஸ்பெக்டேட்டர்’ இதழின் ஆர். எச். ஹட்டன் நூலின் ஆற்றலை மனமார ஒப்புக்கொண்டார். டெஸ்ஸின் இயல்புணர்வுகள் தூயவை என்பதையும் ஏற்றார். ஆனால் அவ்வுணர்வுகளுக்கு அவள் உறுதியாக உண்மையாய் நிற்கவில்லை. ஆகவே அச்சொல் அவளுக்குப் பொருந்தாது என்றார். மார்கரெட் ஒலிபண்ட் அம்மையார் மார்ச் மாத ‘பிளாக்வுட்ஸ்’ இதழில் எழுதியது இன்னும் நுட்பமானது. விதவையாகிப் பேனாவின் உழைப்பால் ஒரு பெருங்குடும்பத்தைத் தாங்கியவர் அவர். வயலிலும் பண்ணையிலும் உழைக்கும் டெஸ்ஸை அவர் விரும்பினார், மதித்தார். அம்மதிப்பே அவரது மறுப்புக்கும் காரணமாயிற்று. இத்துணை உறுதி படைத்தவள் மீண்டும் அலெக்கிடம் போய் அலங்கார உடையில் விடுதியில் வாழ்வாள் என்பதை நம்பமுடியாது, ஆசிரியர் தம் பாத்திரத்துக்கு அநீதி இழைத்தார் என்பது அவர் வாதம். அவர் வசைபாடியது டெஸ்ஸை அன்று. அவளுக்காக ஹார்டியோடு வழக்காடினார் என்றே சொல்லத் தோன்றுகிறது.

ஒலிபண்டின் வாதத்துக்கு நூலே விடை தருகிறது என்பது நம் கருத்து. டர்பிஃபீல்டு குடும்பத்தார் குடியிருந்த வீடு குறிப்பிட்ட சிலரின் ஆயுட்காலம்வரை மட்டும் செல்லும் குத்தகையில் இருந்தது. தந்தை இறந்ததும் அவ்வுரிமை அற்றுப்போகிறது. தாயும் சிறுவர்களும் தட்டுமுட்டுப் பொருள்களோடு தெருவில் நிற்கின்றனர். டார்செட் உழவுத் தொழிலாளரின் இத்தகைய இடப்பெயர்வுகளைப் பற்றி ஹார்டி 1883-இலேயே ‘லாங்மன்ஸ் மேகசின்’ இதழில் தனிக்கட்டுரை எழுதியிருந்தார். டெஸ்ஸின் இரண்டாம் வீழ்ச்சிக்கு மனவுறுதிக் குறைவு காரணமன்று, கூரையின்மையே காரணம். 1892-இன் திறனாய்வாளர் பலர் முதல் வீழ்ச்சியைப் பற்றி ஓயாது பேசியும் இக்குத்தகைச் செய்தியில் தங்கிப் பேசவில்லை.

வேறொரு திசையிலிருந்தும் எதிர்ப்பு வந்தது. தெய்வங்களின் தலைவன் டெஸ்ஸை விளையாட்டுப் பொருளாக்கினான் என்னும் கருத்தமைந்த இறுதிப் பத்தியை ஆண்ட்ரூ லாங் ‘நியூ ரிவியூ’வில் கண்டித்தார். 1892 ஜூலையில் எழுதிய புதிய முன்னுரையில், ஷேக்ஸ்பியரின் லியர் நாடகத்துக் குளோஸ்டரைத் துணைக்கழைத்து ஹார்டி விடையிறுத்தார். லாங் நவம்பரில் மீண்டும் எழுதினார். இருவருக்கும் இதனால் பயன் விளைந்ததாகத் தெரியவில்லை. ஹென்றி ஜேம்சும், சமோவாத் தீவில் வாழ்ந்த ராபர்ட் லூயி ஸ்டீவன்சனும் தமக்குள் எழுதிக்கொண்ட கடிதங்களில் இந்நூலை வெறுத்துப் பேசினர். இவர்களை ஒழுக்கக் காவலர் வரிசையில் சேர்க்க இயலாது. நடையும் பாத்திரமும் மெய்யாகத் தோன்றவில்லை என்பதே அவர்கள் குறை.

கடிதம் எழுதிய வாசகர்கள்

அச்சில் வந்த மதிப்புரைகளுக்கு அப்பால், பெயரறியா வாசகர் பலர் ஹார்டிக்கு மடல் வரைந்தனர். டெஸ்ஸைப் போன்ற முன்வாழ்வு உடைய மனைவியர் சிலர், தம் கணவரிடம் அதனைச் சொல்வதா வேண்டாவா என்று அறிவுரை கேட்டனர். ஏஞ்சலின் நிலையில் இருந்த கணவர் சிலரும் எழுதினர். நேரில் தனித்துச் சந்திக்க விரும்பியோரும் உளர். இதனை ஹார்டி தம் நண்பரும் மணவிலக்கு நீதிமன்றத் தலைவருமான சர் பிரான்சிஸ் ஜூனிடம் கூறியபோது, அத்தகையோரைத் தனியே சந்திக்கலாகாது என்று அவர் அறிவுறுத்தினார். தமக்கும் அவ்வாறான வேண்டுகோள்கள் வருவதுண்டு என்றாராம்.

இம்மடல்கள் ஒரு முக்கியமான செய்தியை உணர்த்துகின்றன. சிலருக்கு டெஸ்ஸின் தூய்மை விருந்து மேசையில் அலசும் பொருள். சிலருக்கோ தம் மணவாழ்வு நிலைக்குமா, தம் பிள்ளைகள் தம்மோடு இருப்பார்களா என்ற கேள்வி. 1857-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருந்த நாட்டில், அம்மனைவியர் எழுத்தாளர் ஒருவரை நாடியது பேதைமை எனத் தள்ளத்தக்கதன்று. பாதிரியாரிடமும் வழக்கறிஞரிடமும் சொல்லமுடியாததைச் சொல்ல அவர்களுக்கு வேறு யார் இருந்தனர்?

திருத்தப்பட்ட இரவு

வாசகர் தரப்புகளுக்கிடையே ஹார்டியும் வாளாவிருக்கவில்லை. தொடர்ந்து நூலைத் திருத்தினார். முதற்பதிப்பில், வனத்து இரவில் அலெக் மருந்துக்கடைப் புட்டியொன்றிலிருந்து ஏதோ ஒரு பானத்தை அவள் எதிர்பாராத வேளையில் வாயில் புகட்டுகிறான். 1892-ஆம் ஆண்டு ஒரு தொகுதிப் பதிப்புக்கான திருத்தத்தில் இப்புட்டி மறைந்துவிட்டது. பின்னைய பாடத்தில் அவள் வெறும் களைப்பால் உறங்குகிறாள். அதே பாடத்தில், வனத்தில் ஓரிரவு அழுகுரல் கேட்டதாக அறுவடைப் பெண் ஒருத்தி பேசும் இடமும் உண்டு. ஒரு கையால் சான்றை நீக்கி, மறு கையால் சான்றை வைக்கிறார் ஆசிரியர். 1912-ஆம் ஆண்டு வெஸ்ஸெக்ஸ் பதிப்பில், அவ்விரவுக்கு முன் களஞ்சியத்தில் நடக்கும் நடனக் காட்சியும் முதன்முறையாக நூலுக்குள் வந்தது.

அன்று நிகழ்ந்தது மயக்கி வசப்படுத்தலா, வன்புணர்வா என்னும் வாதம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெண்ணியத் திறனாய்வாளரால் புதிதாகத் தொடங்கப்பெற்றது. உறங்கும் பெண் இசைவு தர இயலாதவள் என்று 1870களிலேயே ஆங்கில நீதிமன்றம் கொண்டிருந்ததை அடிப்படையாக வைத்து, 1997-இல் வில்லியம் டேவிஸ் என்னும் ஆய்வாளர் அதனை வன்புணர்வே என்று வாதிட்டார். இவ்வாதம் புட்டி இல்லாத பாடத்துக்கும் பொருந்துவது குறிப்பிடத்தக்கது. கையெழுத்துப்படி முதல் 1912 வரையிலான வேறுபாடுகளை ஜே. டி. லேர்ட் 1975-இலும், ஜூலியட் கிரிண்டில், சைமன் கேட்ரெல் ஆகியோர் 1983-ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டு கிளாரெண்டன் பதிப்பிலும் ஆராய்ந்துள்ளனர். ஆசிரியர் தம் எதிர்ப்பாளருக்கு அஞ்சி மட்டும் திருத்தினார் என்ற எளிய முடிவுக்கு வர இவ்வாய்வுகள் இடந்தரவில்லை. அலெக்கை முழுக் கயவனாக்கினால் டெஸ் முழுமையான பலியாள் ஆகிவிடுவாள்; அப்போது ‘தூய’ என்னும் சொல்லுக்கு எந்தத் துணிவும் தேவைப்படாது. புட்டியை நீக்கியதன்மூலம் தமது வாதத்தைத் தாமே கடினமாக்கிக்கொண்டார் என்றும் கொள்ளலாம். இக்கட்டுரையாளருக்கு இரண்டாம் விளக்கமே ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

1895 நவம்பரில் வெளிவந்த ‘ஜூட் தி அப்ஸ்கியூர்’ இதனினும் கடுமையான எதிர்ப்பைச் சந்தித்தது. ஒலிபண்ட் அம்மையார் இம்முறை இரக்கமின்றித் தாக்கினார். வேக்ஃபீல்டு பேராயர் அந்நூலைத் தீயிலிட்டதாக 1896-இல் நாளிதழுக்கு எழுதினார். 1892-இல் தொடராக வந்திருந்த பழைய கதையொன்றைத் திருத்தி 1897-இல் நூலாக்கியதோடு ஹார்டியின் புதினப் பணி முடிந்தது. எஞ்சிய முப்பதாண்டுகளைக் கவிதைக்கு அளித்தார்.

இப்புதினத்தை இன்று வகுப்பில் வைப்போர் ஒரு செய்தியை முன்னரே சரிபார்த்துக்கொள்வது நலம். 1998-ஆம் ஆண்டுப் பெங்குயின் பதிப்பு 1891-ஆம் ஆண்டின் முதல் நூற்பாடத்தைப் பின்பற்றுவது. வேறு பல பதிப்புகள் 1912-ஆம் ஆண்டுப் பாடத்தைப் பின்பற்றுவன. ஒரே வகுப்பில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் இரு மாணவருள் ஒருவரின் நூலில் அந்தப் புட்டி இருக்கும். மற்றவரின் நூலில் இராது.